வளைவுகளை மறக்காத கம்பி

கடைவாய்ப் பல்லில் வலி எடுத்து இரவெல்லாம் உறங்காமல் கிடந்தவர்களுக்குத்தான், பல் எவ்வளவு சிறிய உறுப்பு, அது தரும் தொல்லை எவ்வளவு பெரியது என்பது தெரியும். சென்ற ஆண்டு எனக்கு அந்த அனுபவம் கிடைத்தது. “பிடுங்கிவிடலாமா, டாக்டர்?” என்று கேட்டேன். “வேண்டாம் சார், வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றிவிடலாம்” என்றார் மருத்துவர். எக்ஸ்ரே படத்தையும் காட்டினார். என் பல்லின் வேர் நேராக இறங்கவில்லை. நுனிக்கு அருகில் கொக்கிபோல் வளைந்திருந்தது.

இந்த வளைவுக்குள் எப்படிப் போவீர்கள் என்று கேட்டேன். அவர் தட்டிலிருந்து தையல் ஊசி போன்ற ஒரு மெல்லிய கருவியை எடுத்தார். அதை விரலால் அரைவட்டமாக வளைத்துக் காட்டி, விட்டுவிட்டார். கருவி துள்ளி நிமிர்ந்து முன்போலவே நேராக நின்றது. சிகிச்சை முடிந்ததும் அதே கருவியைக் கழிவுப் பெட்டியில் போட்டார். “புதிது போலவே இருக்கிறதே, ஏன் எறிகிறீர்கள்?” என்றேன். “புதிது போல இருப்பதுதான் சார் இதில் உள்ள ஆபத்து” என்றார்.

இயற்பியல் கற்பிக்கும் எனக்கு, வலி போன பிறகும் அந்த விடை போகவில்லை. வளைத்தாலும் வளையாதது போல் நிமிர்ந்துகொள்ளும் உலோகம் எது? நிமிர்ந்து நிற்பதில் என்ன ஆபத்து? இந்த இரண்டு வினாக்களுக்கும் விடை காண்போம்.

பல்லுக்குள் ஒரு குழல்

பல்லின் வெளிப்புறம் எனாமல் என்ற மிகக் கடினமான பொருளால் ஆனது. அதற்கு உட்புறம் டென்டின் என்ற அடுக்கு இருக்கிறது. அதற்கும் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் உள்ளது. இந்தப் பற்கூழ் ஒவ்வொரு வேரின் நடுவிலும் ஒரு குழல் வழியாக நுனி வரை இறங்குகிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர்கள் உண்டு. அவற்றுள் மூன்று குழல்கள் இருப்பது வழக்கம்.

சொத்தை ஆழமாகி நுண்ணுயிர்கள் பற்கூழை எட்டிவிட்டால் அது அழுகத் தொடங்குகிறது. அப்போது பல் மருத்துவர் மேலிருந்து துளையிட்டு, கெட்டுப்போன பற்கூழை அகற்றுகிறார். பின்னர் கிருமிநாசினித் திரவத்தால் குழலைக் கழுவி, கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளால் அடைத்து மூடுகிறார். வேர்ச் சிகிச்சை என்பது இதுதான்.

ஆனால் இயற்கையான குழல் மிகக் குறுகியது. திரவம் நுனி வரை சென்று கழுவ வேண்டுமானால், அடைக்கும் பொருள் இடைவெளியின்றி நிரம்ப வேண்டுமானால், குழலைச் சற்று அகலப்படுத்தித்தான் ஆக வேண்டும். வாய்ப்பக்கம் அகன்றும் நுனிப்பக்கம் குறுகியும் உள்ள புனல் வடிவம் இதற்கு ஏற்றது. இங்கே ஒரு நிபந்தனை உண்டு. அகலப்படுத்தும்போது குழலின் பழைய பாதை மாறிவிடக் கூடாது. குழல் வளைந்திருந்தால் புனலும் வளைந்தே இருக்க வேண்டும். தவறினால் வேரின் சுவர் ஒரு பக்கம் மெலிந்துவிடும்; சில வேளைகளில் ஓட்டையே விழுந்துவிடும். காப்பாற்ற வந்த பல்லை இழக்க நேரும்.

ஊசி போன்ற அரம்

கொல்லர் பட்டறையில் இரும்பைத் தேய்க்கும் அரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் பயன்படுத்துவதும் ஓர் அரம்தான். ஊசி அளவுக்கு மெலிந்த அரம். அமெரிக்கப் பல் மருத்துவரான எட்வர்ட் மேனார்டு 1838இல் கடிகார வில்லைத் தேய்த்து இத்தகைய முதல் கருவியைச் செய்தார் என்பர். நெடுங்காலம் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பம்போல் அளவு வைத்துக்கொண்டிருந்தது. 1958இல் ஜான் இங்கிள் என்ற அமெரிக்க மருத்துவர் பொதுவான அளவுமுறை ஒன்றை முன்வைத்தார். இன்று உலகெங்கும் உள்ள தரம் அதிலிருந்து வளர்ந்ததே.

அந்த அளவுமுறை எளியது. அரத்தின் எண் 25 என்றால் அதன் நுனியின் விட்டம் 0.25 மி.மீ. வெட்டும் பகுதியின் நீளம் 16 மி.மீ. சாதாரணக் கை அரத்தில், நுனியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விட்டம் 0.02 மி.மீ. கூடிக்கொண்டே போகும். ஆகவே வெட்டும் பகுதியின் மேல் முனையில் விட்டம் 0.25 + 0.32 = 0.57 மி.மீ. ஆகிறது. கைப்பிடியின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: 20க்கு மஞ்சள், 25க்குச் சிவப்பு, 30க்கு நீலம். மருத்துவர் மெல்லிய அரத்தில் தொடங்கிப் படிப்படியாகத் தடித்த அரத்துக்குச் செல்கிறார்.

கம்பி வளைவதன் கணக்கு

ஒரு கம்பியை வளைக்கும்போது என்ன நிகழ்கிறது? வளைவின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் குறுகுகிறது, நடுக்கோடு மட்டும் மாறாமல் இருக்கிறது. வெளிப்பக்கம் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பதையே திரிபு என்கிறோம். இதைக் கணக்கிடுவது மிக எளிது. கம்பியின் தடிப்பை, வளைவு எந்த வட்டத்தின் பகுதியோ அந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் போதும்.

நம் 25ஆம் எண் அரத்தையே எடுத்துக்கொள்வோம். நுனியிலிருந்து 3 மி.மீ. தொலைவில் அதன் தடிப்பு 0.31 மி.மீ. வேரின் வளைவு, சட்டைப் பொத்தான் அளவுள்ள 10 மி.மீ. வட்டத்தின் பகுதி என்று கொள்வோம். 0.31ஐ 10ஆல் வகுத்தால் 0.031. அதாவது வெளிப்பக்கம் நூற்றுக்கு மூன்று பங்கு நீள வேண்டும்.

நூற்றுக்கு மூன்றுதானே என்று எண்ண வேண்டாம். துருப்பிடிக்கா எஃகின் மீட்சி எல்லை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்த எல்லையைத் தாண்டினால் எஃகுக் கம்பி பழைய வடிவத்துக்கு முழுமையாகத் திரும்பாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. உருண்டையான கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் உள்ளது. விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். 10ஆம் எண் அரத்தின் நுனியையும் 25ஆம் எண் அரத்தின் நுனியையும் ஒப்பிட்டால் விட்டம் இரண்டரை மடங்குதான். விறைப்போ ஏறத்தாழ 39 மடங்கு! மெல்லிய எஃகு அரம் வளைவைச் சமாளித்துவிடும். அடுத்தடுத்த அரங்கள் அவ்வாறு இசைந்து கொடுக்கமாட்டா.

தடித்த எஃகு அரத்தை வளைந்த குழலுக்குள் செலுத்தினால் அது நிமிரவே முயலும். நிமிர முயலும் கம்பி, நுனிக்கு அருகில் வளைவின் வெளிச்சுவரையும், சற்று மேலே வளைவின் உட்சுவரையும் அழுத்தித் தேய்க்கும். குழலின் வழியே செல்ல வேண்டிய கருவி தனக்கென்று ஒரு புதுவழி வெட்டத் தொடங்கிவிடும். மருத்துவர்கள் அரத்தை முன்கூட்டியே வளைத்துக்கொண்டு, பொறுமையாகச் சிறிது சிறிதாகத் தேய்த்துத்தான் இதைச் சமாளித்து வந்தனர். கைத்திறன் மிக்கவர்களுக்கும் இது கடினமான பணியாகவே இருந்தது.

ஏவுகணைக்காகத் தேடிய உலோகம்

இந்தச் சிக்கலுக்கான விடை, பல் மருத்துவத்துக்குச் சிறிதும் தொடர்பில்லாத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒயிட் ஓக் என்னும் ஊரில் அந்நாட்டுக் கடற்படையின் படைக்கல ஆய்வகம் இருந்தது. அங்கே உலோகவியலாளர் வில்லியம் பியூலர், ஏவுகணையின் மூக்குப்பகுதிக்கு ஏற்ற உலோகக்கலவையைத் தேடிக்கொண்டிருந்தார். 1959இல் நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை அணுக்களாகக் கலந்த சில தண்டுகளை உருக்கி வார்த்தார்.

ஆறிப்போன ஒரு தண்டைச் சிமெண்டுத் தரையில் போட்டார். ஈயக் கட்டி விழுந்தது போல் மந்தமான ஓசை எழுந்தது. இன்னும் சூடாக இருந்த தண்டைப் போட்டார். மணி அடித்தது போல் கணீரென்று ஒலித்தது! சூடான தண்டைக் குளிர்ந்த நீரில் ஆற்றிப் போட்டபோது அதுவும் மந்தமாகவே ஒலித்தது. ஒரே உலோகம் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு குரலில் பேசுகிறதென்றால், அதனுள் அணுக்களின் அமைப்பே மாறுகிறது என்றுதானே பொருள்?

1961இல் அந்த ஆய்வகத்தின் கூட்டம் ஒன்றில், இந்தக் கலவையால் ஆன மெல்லிய தகடு, விசிறி மடிப்பாக மடிக்கப்பட்டுக் கைக்குக் கை சென்றது. அது எத்தனை முறை வளைத்தாலும் முறியாது என்று காட்டுவதே நோக்கம். கூட்டத்தில் இருந்த டேவிட் மஸ்ஸி என்பவர், புகைக்குழாய் பற்றவைக்கும் லைட்டரின் சுடரை அதன்மேல் காட்டினார். மடிப்புகள் எல்லாம் தாமே விரிந்து தகடு நீண்டு நின்றது. அனைவரும் வியந்தனர். நிக்கல், டைட்டேனியம், அந்த ஆய்வகத்தின் பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து இக்கலவைக்கு நிட்டினால் என்று பெயரிட்டனர்.

நினைவு எங்கே இருக்கிறது?

உலோகத்துக்கு மூளை இல்லை. பிறகு நினைவு எப்படி? மாடிப்படி ஓரத்திலும் கடை வாசலிலும் உள்ள மடக்குக் கம்பிக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவைத் தள்ளினால் கட்டங்கள் சாய்ந்து ஒடுங்குகின்றன. இழுத்தால் மீண்டும் விரிகின்றன. ஆனால் எந்தக் கம்பியும் தன் பக்கத்துக் கம்பியை விட்டு அகல்வதில்லை.

நிட்டினாலின் அணுக்களும் அப்படித்தான். உயர்ந்த வெப்பநிலையில் அவை கனசதுர ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. இந்த நிலைக்கு ஆஸ்டனைட் என்று பெயர். வெப்பம் குறைந்தால் அந்த ஒழுங்கு சற்றே சாய்ந்து மார்ட்டென்சைட் என்ற நிலைக்கு மாறுகிறது. எந்த அணுவுக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மாறுவதில்லை. ஆகவே சூடாக்கினால் எல்லா அணுக்களும் வந்த வழியே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. எஃகை எல்லை மீறி வளைக்கும்போது நிகழ்வது வேறு. அங்கே அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, புதிய அண்டை அணுக்களோடு சேர்ந்துவிடுகின்றன. திரும்பிச் செல்ல அவற்றுக்கு வழி கிடையாது.

இந்த மாற்றத்தை வெப்பத்தால் மட்டுமன்றி விசையாலும் உண்டாக்கலாம் என்பதுதான் நமக்கு முக்கியமானது. ஆஸ்டனைட் நிலையில் உள்ள கம்பியை வளைத்தால், வளைந்த இடம் மார்ட்டென்சைட் ஆகி இடம் கொடுக்கிறது. விட்டவுடன் ஆஸ்டனைட்டாகி நிமிர்கிறது. இதுவே மிகை மீட்சி எனப்படும் பண்பு. நூற்றுக்கு எட்டு வரையான திரிபையும் இக்கம்பி தாங்கித் திரும்பும். நம் கணக்கில் வந்த நூற்றுக்கு மூன்று அதற்கு எளிது. மேலும், இந்த மாற்றம் நிகழும்போது திரிபு கூடினாலும் தகைவு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. எனவே வளைவு கூடினாலும் குழலின் சுவரைக் கம்பி அழுத்தும் விசை அதே விகிதத்தில் கூடிவிடுவதில்லை.

பல் மருத்துவரின் கைக்கு

1971இல் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஆண்ட்ரியாசென், பற்களை வரிசைப்படுத்தும் கம்பியாக நிட்டினாலைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். வேர்ச் சிகிச்சைக்கும் இது உதவும் என்ற கருத்து 1975இல் எழுந்தது. 1988இல் வாலியா, பிராண்ட்லி, கெர்ஸ்டீன் என்ற மூவர், பல் வரிசைக் கம்பியிலிருந்தே 15ஆம் எண் அரங்களைச் செய்து சோதித்தனர். எஃகு அரத்தைவிட அவை இரண்டு மூன்று மடங்கு எளிதாக வளைந்தன. முறுக்கியபோதும் எஃகைவிட நன்றாகத் தாங்கின.

செய்வதில்தான் ஒரு வேடிக்கை. எஃகு அரத்தைச் செய்யச் சதுரம் அல்லது முக்கோண வெட்டுமுகமுள்ள கம்பியை எடுத்துக் கயிறுபோல் முறுக்குவார்கள். விளிம்புகள் திருகு வடிவில் அமைந்துவிடும். நிட்டினாலை முறுக்கினால் அது முறுக்கு விட்டுப் பழையபடி நிமிர்ந்துவிடும்! எந்தக் குணத்துக்காக அதை விரும்பினோமோ அந்தக் குணமே அதைச் செய்வதற்குத் தடையாகிறது. ஆகவே நேரான கம்பியின் பக்கங்களில் சாணைச் சக்கரத்தால் திருகுப் பள்ளங்களைக் குடைந்தெடுக்கின்றனர்.

கம்பியே எளிதில் கிடைப்பதன்று. உருகிய டைட்டேனியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு உடனே கூடிவிடும். ஆகையால் வெற்றிடத்தில் உருக்கி வார்த்து, பலமுறை சூடாக்கிச் சூடாக்கி மெல்லிய கம்பியாக இழுக்கின்றனர். கலவையின் விகிதத்திலும் மிகுந்த கவனம் வேண்டும். நிக்கல் அணுக்கள் சம அளவைவிட நூற்றுக்கு ஒன்று கூடினாலே, உருமாறும் வெப்பநிலை ஏறத்தாழ நூறு டிகிரி இறங்கிவிடும். கம்பிக்கு ஒரு வடிவத்தைக் கற்பிக்க வேண்டுமானால், அந்த வடிவத்தில் இறுக்கிப் பிடித்து 500° செ. அளவில் சில நிமிடங்கள் சூடாக்கி ஆற்ற வேண்டும். அதன் பிறகு அதுவே அந்தக் கம்பியின் நினைவு வடிவம்.

நெகிழ்வுக்குக் கொடுக்கும் விலை

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். நிட்டினால் அரம் நெகிழ்வானது என்பதால், அதைச் சிறு மோட்டாரில் பொருத்திச் சுழலவிட முடிகிறது. வேலையும் விரைவாக முடிகிறது. நிமிடத்துக்கு 300 சுற்றுகள் என்று கொள்வோம். வளைந்த குழலுக்குள் சுழலும் அரத்தின் மேற்பரப்பில் ஒரு புள்ளியை மட்டும் கவனியுங்கள். அது வளைவின் வெளிப்பக்கம் வரும்போது இழுபடுகிறது. அரைச் சுற்றுக்குப் பிறகு உட்பக்கம் வந்து நசுங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இழுப்பு, ஒரு நசுக்கு. நொடிக்கு ஐந்து முறை. ஒரு நிமிடத்தில் 300 முறை!

இவ்வாறு மாறி மாறி வரும் தகைவால் உலோகத்தின் மேற்பரப்பில், குறிப்பாகச் சாணை பிடித்த கீறல்களின் அடியில், நுண்ணிய வெடிப்பு தோன்றி ஒவ்வொரு சுற்றிலும் சிறிது உள்ளே பரவுகிறது. இதை உலோகச் சோர்வு என்கிறோம். கடுமையான வளைவில் சில நூறு சுற்றுகளிலேயே அரம் முறிந்துவிடலாம். வளைவின் ஆரம் சிறிதானால் ஆயுள் விரைவாகக் குறைகிறது. அரம் தடித்தாலும் குறைகிறது. இரண்டும் நம் பழைய கணக்கின் விளைவுகளே. தடிப்பு கூடினாலும் வட்டம் சிறுத்தாலும் திரிபு கூடும். 1997இல் வெளியான ஓர் ஆய்வு, முறிவதற்குள் அரம் எத்தனை சுற்றுகள் தாங்கும் என்பதை வளைவுதான் தீர்மானிக்கிறது, சுழலும் வேகம் அன்று என்று காட்டியது. ஆனால் வேகம் கூடினால் அந்தச் சுற்றுகள் விரைவில் தீர்ந்துபோகும் அல்லவா?

நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காகிதங்களைச் சேர்க்கும் ஜெம் கிளிப் ஒன்றை விரித்து, முன்னும் பின்னும் நன்றாக மடக்குங்கள். எத்தனையாவது மடக்கில் முறிகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு கிளிப்பை முன்னதில் பாதிக் கோணமே மடக்கி எண்ணுங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் மேலே சொன்னது விளங்கும்.

எஃகுக் கருவி பெரும்பாலும் முறிவதற்கு முன் கோணிக்கொள்ளும். பார்த்தவுடன் மருத்துவர் அதை ஒதுக்கிவிடுவார். சோர்வுற்ற நிட்டினால் அரமோ வெளியே எடுத்ததும் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும். உள்ளே வெடிப்பு பாதித் தூரம் ஓடியிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த நோயாளியின் வேருக்குள் அது திடீரென்று முறிந்தால், அந்தத் துண்டை எடுப்பது அரிது. துண்டுக்கு அப்பாலுள்ள பகுதியைக் கழுவ முடியாமல் சிகிச்சையே வீணாகலாம். அதனால்தான் என் மருத்துவர் அரத்தின் தோற்றத்தை நம்பவில்லை. அது செய்த வேலையை எண்ணினார். கடினமான ஒரு வளைவில் உழைத்துவிட்ட அரத்துக்கு அத்துடன் ஓய்வு கொடுத்துவிட்டார்.

வெப்பம் தந்த மாற்றம்

குறை தெரிந்தால் அதை நீக்க வழி தேடுவதே அறிவியல். பழைய நிட்டினால் அரங்கள் உடல் வெப்பநிலையான 37° செல்சியசில் ஆஸ்டனைட் நிலையில் இருப்பவை. 2007ஆம் ஆண்டு முதல், கம்பியையோ செய்து முடித்த அரத்தையோ தனிப்பட்ட முறையில் வெப்பப் பதப்படுத்தும் வழக்கம் பரவியது. இதனால் உருமாறும் வெப்பநிலை உயர்கிறது. இவற்றுள் சில வகை அரங்கள், வாய்க்குள் இருக்கும்போதும் பெருமளவு மார்ட்டென்சைட் நிலையிலேயே இருக்கின்றன. மார்ட்டென்சைட் மேலும் நெகிழ்வானது. அதில் வெடிப்பும் மெதுவாகவே பரவுகிறது. இத்தகைய அரங்கள் வளைத்தால் துள்ளி நிமிர்வதில்லை. வளைத்த வடிவிலேயே நிற்கும். நீராவியில் கிருமி நீக்கும்போது படும் வெப்பத்தில் பெரும்பாலும் தாமே நிமிர்ந்துவிடும். 1961இல் லைட்டர் சுடரில் விரிந்த தகட்டை இது நினைவூட்டவில்லையா?

ஆயினும் சோர்வு அடியோடு நீங்கிவிடவில்லை, தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. தடிப்பை வட்டத்தின் விட்டத்தால் வகுக்கும் அந்தச் சிறு கணக்கை எந்த உலோகமும் ஏமாற்ற முடியாது.

நிட்டினாலை வடிவத்தை மறக்காத உலோகம் என்று புகழ்கிறோம். அது தான் பட்ட வளைவுகளையும் மறப்பதில்லை. வெளியே காட்டிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பல் மருத்துவர் புதுக் கருவிக்கான உறையைப் பிரிக்கும்போதோ, நல்லது போலத் தோன்றும் ஒன்றை எறியும்போதோ, இனி அதை வீண்செலவு என்று நினைக்கமாட்டீர்கள் அல்லவா? என் கடைவாய்ப் பல் இன்றும் இடத்திலேயே இருக்கிறது. நேற்றுக்கூட அதனால் முறுக்கு கடித்தேன்.